புதுப்பிப்பு: அம்பாசிடர் ஹெட்லைட் மங்கல் சரியாகிவிட்டது

அப்பாவின் பழைய அம்பாசிடர் மார்க் 2 காரில் பல்பு மாற்றியும் ஹெட்லைட் மங்கலாகவே எரிகிறது, ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரவில் இறங்கப் பயமாக இருக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "முதலில் எர்த் (கரன்ட் வண்டியின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) பாருங்கள், அப்புறம் ரிலே (சிறிய கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள்" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் பலித்தது.

ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள குரோம் வளையத்தின் ஸ்க்ரூ துருப்பிடித்து அசையவே இல்லை. ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்ததும் கழன்றது. உள்ளே எர்த் முனை பச்சையாகப் பூத்திருந்தது. வயரின் உறை தொட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. பேட்டரியில் 12.6 வோல்ட், பல்பில் 10.4தான். முனையை உப்புத்தாளால் தேய்த்துப் புது எர்த் வயர் கொடுத்ததும் 11.3 ஆனது. மீதி இழப்பு சுவிட்சிலும், டிப் (தாழ்ந்த ஒளி), ஹை (தூர ஒளி) மாற்றக் காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்சிலும். 55 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியர் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகத்தானே போகிறது! அதனால் டிப்புக்கும் ஹைக்கும் தனித்தனி ரிலே, பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் நேர் வயர் போட்டேன். இப்போது பல்பில் 12.2 வோல்ட்.

எதிர்பாராதது ஒன்று. நீலம்-சிவப்பு வயர் டிப், நீலம்-வெள்ளை வயர் ஹை என்று சொல்லியிருந்தீர்கள். என் வண்டியில் இடது பக்கம் யாரோ எப்போதோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லாம்ப் (கரன்ட் வந்தால் எரியும் சோதனை விளக்கு) வைத்துப் பார்த்தே இணையுங்கள்.

நேற்று ராத்திரி அப்பாவை உட்காரவைத்து மலை இறங்கினேன். வளைவுக்கு முன்பே ஓரக்கல் தெரிந்தது.