அம்மா இன்ஸ்டன்ட் காபி குடித்த நாள்

குழு: தில்லைநகர் வீடு, திருச்சி
வியாழக்கிழமை

[காலை 6:50] கவிதா: அம்மா இன்று இன்ஸ்டன்ட் காபி போட்டுக் குடித்திருக்கிறார்கள்.

மல்லி அக்கா: என்னது?

செந்தில் அண்ணன்: எந்த அம்மா?

கவிதா: நம் அம்மாதான்.

மல்லி அக்கா: தூள் தீர்ந்துவிட்டதா? போன வாரம்தானே அரைத்து வாங்கினாய்?

கவிதா: தூள் இருக்கிறது. ராத்திரியே டிகாஷன் போட்டு வைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் பில்டரின் மேல் அடுக்கு இறுகிக்கொண்டது. மாவுக்கட்டு பிரித்துப் பத்து நாள்தான் ஆகிறது, வலது கையில் பிடி என்பதே இல்லை. ஈரத்துணி சுற்றித் திருகிப் பார்த்தார்களாம். முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையாலும் பார்த்தார்களாம். அசையவில்லை. நான் பால் கொண்டுபோனபோது பில்டர் டிகாஷனோடு மேடைமேல் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் யாழினி எப்போதோ விட்டுவிட்டுப் போன இன்ஸ்டன்ட் பாக்கெட் கிழிந்து கிடக்கிறது.

யாழினி: ஐயோ அம்மாச்சி

தீபா அண்ணி: பாவம் அத்தை. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

கவிதா: "சுடுதண்ணி குடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

செந்தில் அண்ணன்: மெஷின் வாங்கிவிடலாம். நான் போன வருடமே சொன்னேன்.

மல்லி அக்கா: சொன்னாய்.

[காலை 7:21] செந்தில் அண்ணன்: கேளுங்கள். கடையில் நாலைந்து ரகம் நிற்கும். நாலாயிரம் ஐயாயிரத்துக்கு வருபவை பெரும்பாலும் ஆவியில் தள்ளுகிறவை. தண்ணீர் கொதித்து, அந்த ஆவியின் வேகத்தில்தான் தூளுக்குள் இறங்கும். டிகாஷனில் கருகல் வாடை வரும், அது வேண்டாம். அடுத்தது பம்ப் வைத்தது, பத்தாயிரத்துக்கு மேல். அட்டையில் 15 பார், 20 பார் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்கக் கூடாது. எஸ்பிரெஸ்ஸோவுக்கு, அதாவது அழுத்திப் பிழியும் கெட்டிக் காபிக்கு, தூளின்மேல் 9 பார் இருந்தால் போதும். 18 கிராம் தூள், 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர், 25 முதல் 30 விநாடி, 36 கிராம் டிகாஷன். கணக்கு அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இருப்பது டெலாங்கி கம்பெனியின் டெடிகா. 15 சென்டிமீட்டர் அகலம், மிக்ஸி பக்கத்தில் சொருகிவிடலாம். அதற்கும் மேலே, கொட்டையைப் போட்டால் தானே அரைத்துத் தானே இறக்கும் மெஷின். அது நாற்பதாயிரம் தாண்டும்.

யாழினி: மாமா, பார் என்றால்?

செந்தில் அண்ணன்: அழுத்தம் யாழி. ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம். அதைப் போல் ஒன்பது மடங்கு. 1884இல் இத்தாலியில், டூரினில், மொரியோண்டோ என்பவர் ஆவியில் ஓடும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் இந்த அழுத்தம் கிடையாது. அப்புறம் மிலானில் காஜியா என்பவர் 1938இல் ஒரு காப்புரிமை, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கையால் இழுக்கும் நெம்புகோல் மெஷின். அதற்குப் பிறகுதான் டிகாஷன்மேல் பொன்னிறமாக நுரை நின்றது.

கவிதா: அண்ணா, அம்மாவுக்குக் கை வலி.

செந்தில் அண்ணன்: அதற்குத்தான் வருகிறேன்.

[காலை 7:40] தஞ்சாவூர் அத்தை: காலை வணக்கம். என் பித்தளை பில்டர் இறுகியதே இல்லை. நாற்பது வருடமாகப் போடுகிறேன்.

மல்லி அக்கா: எந்தப் பித்தளை பில்டர் அத்தை?

தஞ்சாவூர் அத்தை: எங்கள் அம்மாவுடையதுதான்.

மல்லி அக்கா: அப்பத்தா அதை எங்கள் அம்மாவுக்குத்தான் கொடுத்ததாக எனக்கு ஞாபகம்.

தஞ்சாவூர் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரிய அத்தான்: காலையிலேயே வேண்டாம் மல்லி.

மல்லி அக்கா: நான் ஒன்றும் சொல்லவில்லையே. ஞாபகத்தைத்தான் சொன்னேன்.

யாழினி: என்ன டிலீட் செய்தீர்கள் பாட்டி?

பெரிய அத்தான்: யாழினி, காலேஜுக்குக் கிளம்பு.

[காலை 8:15] பெரிய அத்தான்: செந்தில், உன் மெஷின் எத்தனை வாட்?

செந்தில் அண்ணன்: 1300க்கு மேல் அத்தான்.

பெரிய அத்தான்: தில்லைநகர் அடுப்படியில் மேடைமேல் இருப்பது 6 ஆம்பியர் பாயிண்ட். 230 வோல்ட்டுக்கு 1380 வாட்தான் கணக்கு. அதே பாயிண்டில்தான் மிக்ஸியும் ஓடுகிறது. கிரைண்டருக்கு நான் போட்டுக்கொடுத்த 15 ஆம்பியர் பாயிண்ட் கீழே, குனிய வேண்டும். மேலே புதிதாக ஒரு லைன் இழுக்க வேண்டியிருக்கும். கரண்ட் போனால் அந்தச் சின்ன இன்வெர்ட்டரில் இது ஓடாது.

செந்தில் அண்ணன்: லைன் இழுத்துவிடலாம் அத்தான்.

பெரிய அத்தான்: இழுக்கலாம். நான் வந்தால்தான். வேறு ஆளை விட்டுச் சுவரை உடைக்க வேண்டாம்.

கவிதா: தண்ணீர்? போர்வெல் தண்ணீரில் கெய்சரே உப்புப் படிந்து போய்விட்டது.

செந்தில் அண்ணன்: குடிக்கிற கேன் தண்ணீர் ஊற்றினால் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை ஓடவிட்டு உப்பு எடுக்க வேண்டும். ஆவிக் குழாயை ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டும். சக்கைத் தட்டைக் கழுவ வேண்டும். பெரிய வேலை இல்லை.

கவிதா: யார் செய்வது?

செந்தில் அண்ணன்: நீ பக்கத்தில்தானே இருக்கிறாய்.

[காலை 9:05] கவிதா: பக்கத்தில்தான் இருக்கிறேன். கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் பக்கத்தில்தான் இருந்தேன்.

[காலை 9:06] மல்லி அக்கா: செந்தில்

[காலை 9:30] தீபா அண்ணி: கவிதா, அவர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. ஆனால் ஒன்று நான் சொல்கிறேன், மூன்று வருடமாகத் தினமும் அந்த மெஷினில் காபி போடுகிறவள். தூள் போடும் கைப்பிடி இருக்கிறது இல்லையா, அதை மெஷினின் வாயில் பொருத்தி வலப்பக்கமாக இறுகத் திருக வேண்டும். எனக்கே இடது கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டால்தான் முடிகிறது. இல்லாவிட்டால் மெஷினே நகர்ந்து வரும். சரியாக இறுகாவிட்டால் சுடுதண்ணீர் ஓரமாகப் பீய்ச்சும். அதற்கு முன்னால் தூளை அமுக்க வேண்டும், பதினைந்து கிலோ எடையை வைத்தாற்போல் அமுக்கு என்று இவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முடிந்ததும் திரும்பத் திருகிக் கழற்றி, தட்டிச் சக்கையைக் கொட்ட வேண்டும். பில்டரில் ஒரு திருகல். இதில் இரண்டு திருகல், ஓர் அமுக்கல், ஒரு தட்டல். அத்தையின் கைக்கு இது ஆகாது.

மல்லி அக்கா: நல்லவேளை சொன்னாய் தீபா.

கவிதா: நன்றி அண்ணி.

[காலை 10:40] செந்தில் அண்ணன்: தீபா சொல்வது சரி. எனக்கு அது தோன்றவே இல்லை. கவிதா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

கவிதா: சரி விடு அண்ணா.

செந்தில் அண்ணன்: அப்படியென்றால் தானே அரைக்கும் மெஷின்தான். டெலாங்கியில் மேக்னிஃபிகா என்று ஒன்று. கொட்டையும் தண்ணீரும் நிரப்பி வைத்தால் ஒரு பொத்தான், முடிந்தது. திருகல் கிடையாது. நான் வாங்கித் தருகிறேன்.

மல்லி அக்கா: அதில் அம்மாவின் தூள் போடலாமா?

செந்தில் அண்ணன்: அங்கேதான் இடிக்கிறது. கொட்டை போடும் இடத்தில் தூள் போடக் கூடாது. தூளுக்கென்று தனி வாய் ஒன்று உண்டு, ஆனால் சிக்கரித் தூளை அதில் போட எனக்குத் தைரியம் இல்லை. போன பொங்கலுக்கு அம்மா கொடுத்தனுப்பிய தூளை எங்கள் மெஷினில் போட்டேன். முதலில் தார் மாதிரி நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் நின்றே போயிற்று. கழற்றிப் பார்த்தால் தூள் முழுக்க அல்வா மாதிரி பிசுபிசுவென்று ஒட்டிக்கிடக்கிறது, சல்லடைக் கண்ணெல்லாம் அடைப்பு. சிக்கரி காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும். பில்டரில் மெதுவாக இறங்கும்போது அதுதான் டிகாஷனுக்குக் கெட்டியும் நிறமும் கொடுக்கிறது. அழுத்திப் பிழியும் மெஷினில் அதுவே அடைத்துக்கொள்கிறது.

தஞ்சாவூர் அத்தை: சிக்கரி இல்லாத காபி கஷாயம்.

பெரிய அத்தான்: இப்போது பாதிக்குப் பாதி சிக்கரிதான் விற்கிறார்கள்.

செந்தில் அண்ணன்: சட்டப்படியே 49 சதவீதம் வரை போடலாம் அத்தான். காபி 51க்குக் குறையக் கூடாது. பாக்கெட்டில் அளவு எழுதியிருக்கும், பார்த்து வாங்க வேண்டும். அம்மா வாங்குவது 80க்கு 20. கொட்டையில் பீபெரி ரகமும் பிளான்டேஷன் ஏ ரகமும் பாதிப் பாதி. பெரிய கடை வீதியில் கண்ணெதிரே அரைக்கச் சொல்லி, கையில் வாங்கியதும் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்கள்.

மல்லி அக்கா: சூடு ஆறாமல் டப்பாவில் போட்டு மூடக் கூடாது என்று பஸ்ஸில் மடியில் திறந்து வைத்துக்கொண்டு வருவார்கள். பஸ் முழுக்க மணக்கும்.

யாழினி: கேப்ஸ்யூல் மெஷின்? தூள் அடைத்து வரும் சின்னக் கப்பை அப்படியே உள்ளே போடுவது. என் தோழி வீட்டில் இருக்கிறது. சூப்பராக இருக்கும்.

செந்தில் அண்ணன்: கைக்குச் சுலபம்தான். ஆனால் ஒரு கேப்ஸ்யூலில் 5, 6 கிராம் தூள்தான். அம்மாவின் டம்ளருக்கும் அவர்கள் ஊற்றும் பாலுக்கும் இரண்டு வேண்டும். தூளை நாம் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

தஞ்சாவூர் அத்தை: பால் யார் காய்ச்சுவது?

செந்தில் அண்ணன்: மெஷினிலேயே ஆவிக் குழாய் உண்டு அத்தை. 60, 65 டிகிரிக்கு நுரைக்கச் சூடாக்கும்.

கவிதா: அம்மா அதைப் பச்சைப்பால் என்று சொல்லிவிடுவார்கள். பொங்கி வர வேண்டும், டபராவில் ஆற்றும்போது ஆவி பறக்க வேண்டும். அரை லிட்டர் பால் காய்ச்ச முடிகிறது, அதில் பிரச்சினை இல்லை. பில்டர் மட்டும்தான்.

[பகல் 1:10] தீபா அண்ணி: சேலத்தில் எங்கள் அம்மா டிரிப் மேக்கர் வைத்திருக்கிறார்கள். பிரீத்தியா, வேறா என்று கேட்டுச் சொல்கிறேன். உள்ளே வலைக் கூடை, தூளைப் போட்டு மூடியைச் சாத்த வேண்டியதுதான். பின்னால் தண்ணீர், ஒரு ஸ்விட்ச். கீழே கண்ணாடிக் குடுவையில் இறங்கிவிடும். திருகல், அமுக்கல் எதுவும் இல்லை. சிக்கரித் தூளேதான் போடுகிறார்கள். கோட்டளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போகும். பாதி தண்ணீர், மூன்று கரண்டி தூள் என்றால் நன்றாக இறங்கும். விலையும் இரண்டு மூன்றாயிரம்தான்.

பெரிய அத்தான்: வாட்?

தீபா அண்ணி: பெரிய மெஷின் அளவுக்கெல்லாம் இழுக்காது அண்ணா. பெட்டியில் பார்த்துச் சொல்கிறேன்.

செந்தில் அண்ணன்: அதில் முதல் டிகாஷனின் கெட்டி வராது. அது எஸ்பிரெஸ்ஸோவே இல்லை.

கவிதா: அம்மா எஸ்பிரெஸ்ஸோ கேட்கவில்லை அண்ணா.

[பகல் 1:32] கவிதா: ஒன்று சொல்லட்டுமா. அப்பா இருந்தவரைக்கும் பில்டரைத் திறந்தது அப்பாதான். அம்மா ராத்திரி போட்டு வைப்பார்கள், விடியற்காலை நாலரைக்கு அப்பா திறந்து கொடுப்பார். இந்த இரண்டு வருடமாகத்தான் அம்மாவே திறக்கிறார்கள். கை முறிவதற்கு முன்னாலேயே எத்தனை நாள் சிரமப்பட்டார்களோ. எனக்கு இன்று காலையில்தான் சொன்னார்கள்.

மல்லி அக்கா: மேடை விளிம்பில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருகுவார். டொக் என்று கேட்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அந்தச் சத்தத்தில்தான் எழுந்தேன்.

செந்தில் அண்ணன்: ஆமாம்.

[மாலை 5:20] தஞ்சாவூர் அத்தை: அண்ணன் திதிக்கு வரும்போது பித்தளை பில்டரைக் கொண்டு வருகிறேன். அண்ணி கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டும்.

மல்லி அக்கா: சரி அத்தை. புளி போட்டுத் தேய்த்துக் கொண்டு வாருங்கள்.

தஞ்சாவூர் அத்தை: வாரா வாரம் தேய்க்கிறேன். என் அம்மா பில்டர்.

பெரிய அத்தான்: திதிக்கு யார் யார் எப்படி வருகிறீர்கள்? பல்லவன் ரயிலில் இப்போதே டிக்கெட் போட்டால்தான் கிடைக்கும்.

செந்தில் அண்ணன்: நாங்கள் காரில் வருகிறோம். எங்கள் மெஷினையும் எடுத்து வருகிறேன். நான் இருக்கும் மூன்று நாளும் நானே போட்டுக் கொடுக்கிறேன். அம்மாவுக்குப் பிடித்திருந்தால் பெரிய மெஷின் பற்றி அப்போது பேசலாம்.

கவிதா: அதுவரை? நாளைக் காலை பில்டரை யார் திறப்பது? சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் அந்த டிரிப் மேக்கரைப் பார்க்கிறேன். மூடியை அம்மா கையாலேயே திறந்து மூடிப் பார்க்கட்டும். முடிந்தால் வாங்குகிறேன்.

பெரிய அத்தான்: பணம் நான் போட்டுவிடுகிறேன்.

செந்தில் அண்ணன்: இல்லை அத்தான், நான்.

கவிதா: முதலில் வாங்குகிறேன், அப்புறம் பேசுங்கள்.

[இரவு 8:47] அம்மா: இப்போதுதான் பார்த்தேன். இடது கையால் அடிக்கிறேன். எனக்கு எதுவும் வேண்டாம்

அம்மா: பால்காரத் தம்பி நாளைக்கு வந்து திறந்து தருகிறேன் என்றது

மல்லி அக்கா: அம்மா, பால்காரரை எத்தனை நாள் எதிர்பார்ப்பீர்கள்?

அம்மா: கவிதா, தூள் கால் கிலோ வாங்கி வா. இருப்பது இரண்டு நாளில் தீர்ந்துவிடும்

அம்மா: மிக்ஸி பக்கத்தில் இடம் இல்லை. மெஷின் வந்தால் மைக்ரோவேவ் மேலே வைக்கலாம்

செந்தில் அண்ணன்: எந்த மெஷின் அம்மா? தீபா சொன்னதா, நான் சொன்னதா?

பெரிய அத்தான்: அத்தை, நான் வாங்கிக் கொடுத்த மைக்ரோவேவ் இன்னும் ஓடுகிறதா?

அம்மா: அதில் சர்க்கரை டப்பா வைத்திருக்கிறேன் மாப்பிள்ளை. ஓர் எறும்பு வந்ததில்லை