பாண்டியில் நாலு ராத்திரி தங்க மூணு வீடு பார்த்திருக்கேன், எந்த ஏரியா சரிப்படும்?

திருச்சி_பயணி:
வணக்கம். அரையாண்டு லீவுல, டிசம்பர் 25 மதியம் வந்து 29 காலைல கிளம்பற மாதிரி பிளான். பெரியவங்க நாலு பேர், பசங்க ரெண்டு பேர். அம்மாவுக்கு மூட்டு வலி. எர்டிகால வர்றோம். சமைக்கிற வசதியோட தனி வீடு வேணும், ஹோட்டல் வேண்டாம்.

பார்த்து வச்சிருக்கறது மூணு. முதலாவது ரெயின்போ நகர்ல கீழ்த்தளம், மூணுலயே இதுக்குத்தான் வாடகை கம்மி, "ஒயிட் டவுன் 5 நிமிடம்"னு போட்டிருக்கு. ரெண்டாவது வைத்திக்குப்பம் தாண்டி சோலை நகர் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடி. மூணாவது கோட்டக்குப்பத்துல "கடல் பார்த்த" மாடி வீடு.

போட்டோ எல்லாம் கட்டில், ஊஞ்சல், தொட்டிச்செடி. தெரு எப்படின்னு ஒரு படம் கூட இல்ல. குடும்பத்தோட தங்க எது சரிப்படும்? நேர்ல வந்து பார்க்காம எப்படிக் கண்டுபிடிக்கறது?

மணிக்கூண்டு_முத்தியால்பேட்டை:
சார், முதல்ல மூணாவது வீடு. கோட்டக்குப்பம் பாண்டிச்சேரி கிடையாது, தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். முத்தியால்பேட்டையிலிருந்து காந்தி வீதியிலேயே வடக்கே போனா ஊர் மாறினதே தெரியாது, ஆனா எல்லை அங்கதான். கரண்ட், போலீஸ், நகராட்சி எல்லாம் வேற. உங்க கூட வர்றவங்க யாராவது பாண்டியில பாட்டில் வாங்கி ரூமுக்கு எடுத்துட்டு வந்தா மதுவிலக்குச் சட்டத்துல கேஸ். சோதனைச் சாவடியில பிடிப்பாங்க, "கிட்டத்துலதான் தங்கியிருக்கோம்"னு சொல்றது எடுபடாது.

அடுத்தது "கடல் பார்த்த" வீடு. பார்க்கலாம், இறங்க முடியுமான்னு கேளுங்க. பாண்டிக்கு வடக்கே கரை பல வருஷமா அரிச்சுட்டு வருது. நிறைய இடத்துல மணலே இல்ல, கருங்கல் கொட்டி வச்சிருக்காங்க. மேப்ல சாட்டிலைட் வியூ போட்டு அந்த வீட்டுக்கு நேரா கரையைப் பெருசு பண்ணிப் பாருங்க. தண்ணிக்கும் வீடுகளுக்கும் நடுவுல வெளிர் மஞ்சளா பட்டை தெரிஞ்சா மணல். கறுப்பா சொரசொரப்பா கோடு தெரிஞ்சா கல். கல் மேல பசங்களை விடக்கூடாது, பாசி பிடிச்சிருக்கும். தந்திராயன்குப்பம் பக்கம் மணல் இருக்கும், ஆனா டிசம்பர் கடல்ல இறக்கிடாதீங்க, இழுப்பு ஜாஸ்தி.

ரெயின்போ_நகர்_குறுக்குத்தெரு:
ரெயின்போ நகர் நல்ல குடியிருப்பு. கடை, மருந்துக்கடை, டாக்டர் எல்லாம் நடந்து போற தூரம். ஆனா நீங்க கேக்கற மாசம் டிசம்பர், அதுவும் கீழ்த்தளம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்போ ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டி, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் தண்ணில நின்னுச்சு. புயலே வேண்டாம், விடாம ரெண்டு மணி நேரம் அடிச்சாலே சில குறுக்குத் தெருவுல முழங்கால் தண்ணி வந்துடும். காரணம் சாதாரணமானதுதான். லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் மேடு. அங்கேருந்து வடியற தண்ணி இந்தப் பள்ளத்துல வந்து நின்னு, வாய்க்கால் வழியாத்தான் வெளியே போகணும்.

ஒரே நகர்ல ஒரு தெரு காயும், அடுத்த தெரு மிதக்கும். அதனால ஓனர்கிட்ட "தண்ணி வருமா?"ன்னு கேக்காதீங்க, "வராது சார்"னுதான் பதில் வரும். மூணு கேள்வி கேளுங்க. வாசல்ல ரோட்டுலேருந்து எத்தனை படி ஏறணும்? சம்ப் மூடி தரை மட்டத்துலயா, உயர்த்திக் கட்டியிருக்கா? மோட்டாரும் மீட்டர் பாக்ஸும் எவ்வளவு உயரத்துல இருக்கு?

சம்ப் கேள்விதான் முக்கியம். மூடி தரை மட்டத்துல இருந்தா வாசல்ல அரை அடி நின்னாலே மழைத்தண்ணியும் சாக்கடையும் சம்புக்குள்ள போயிடும். அப்புறம் மோட்டார் போட்டா அதே தண்ணி டேங்குக்கு ஏறி பாத்ரூம் குழாய்ல வரும். வெளியே வெள்ளம் வடிஞ்சாலும் சம்பைக் காலி பண்ணி, ப்ளீச்சிங் போட்டுக் கழுவற வரைக்கும் அந்த வீட்டுத் தண்ணியில வாய் கூட கொப்பளிக்கக் கூடாது. நாலு நாள் லீவுல ரெண்டு நாள் அதுலயே போயிடும்.

இன்னொண்ணு: வாசல்லேருந்து காம்பவுண்ட் சுவரையும் எதிர்வீட்டுச் சுவரையும் சேர்த்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. பெயிண்ட் ஒரே உயரத்துல உரிஞ்சு கோடு மாதிரி ஓடினா அதுதான் தண்ணி நின்ன மட்டம். சொந்தச் சுவருக்குப் புது பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, எதிர்வீட்டுக்காரர் அடிச்சிருக்க மாட்டார்.

திருச்சி_பயணி:
ரொம்ப நன்றி. இப்பவே கேட்டுடறேன். அந்த "ஒயிட் டவுன் 5 நிமிடம்" உண்மையா?

ரெயின்போ_நகர்_குறுக்குத்தெரு:
காலைல ஆறு மணிக்கு பைக்ல உண்மை. 😀 மேப்ல "புறப்படும் நேரம்"னு ஒரு வசதி இருக்கும். அதுல சனிக்கிழமை சாயந்தரம் ஆறரை போட்டு, பீச் ரோட்டு காந்தி சிலைக்கு கார்ல எவ்வளவு நேரம்னு பாருங்க. காமராஜ் சாலை, அண்ணா சாலை ரெண்டும் அப்போ நகராது. அதுலயும் உங்க தேதி கிறிஸ்துமஸ் வாரம்.

விளம்பரத்துல மேப்ல குறிச்சுக் காட்டற இடத்தையும் நம்பாதீங்க. முன்பணம் கட்டற வரைக்கும் சரியான இடத்தைக் காட்டாம அரை கிலோமீட்டர் தள்ளிக் காட்டற வழக்கம் உண்டு. வீதிப் பேரும் குறுக்குத்தெரு நம்பரும் வாங்கி நீங்களே தேடுங்க.

மணிக்கூண்டு_முத்தியால்பேட்டை:
ரெண்டாவது வீட்டுக்கு வர்றேன். அந்தப் பக்கத்துல இடம் நல்லா இருக்கும், காலைல கடற்கரை நடந்தே போகலாம். ஆனா மீனவர் குடியிருப்பை ஒட்டின தெரு. விடியறதுக்கு முன்னாடியே வலை, இன்ஜின், ஏலம்னு ஊர் முழிச்சுக்கும். கருவாடு காயற வாடை உண்டு. அவங்க தொழில் செய்யற இடத்துக்கு நாமதான் விருந்தாளி, அது பிடிக்கலன்னா அங்க தங்கக்கூடாது.

இன்னொண்ணு மார்கழி. கோயிலுக்கு எத்தனை வீடு தள்ளின்னு கேளுங்க. சட்டப்படி ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் ஸ்பீக்கர் கூடாது. மார்கழியில நாலரைக்கே பாட்டு ஆரம்பிச்சா அங்க போய் யாரும் சட்டம் பேசறதில்ல. மேப்ல வீட்டைச் சுத்தி 200 மீட்டருக்கு கோயில், மசூதி, சர்ச், கல்யாண மண்டபம், பார், சாராயக்கடை எல்லாம் குறிச்சுக்குங்க. அந்த மாசத்துல முகூர்த்தம் கிடையாது, அதனால மண்டபத்துச் சத்தத்தை விட்டுடலாம். பார் வாசல்ல பதினோரு மணிக்குக் கூட்டம் கலையற சத்தத்தை விட முடியாது.

கார் சங்கதி: எர்டிகா அகலம் 1.74 மீட்டர், கண்ணாடி ரெண்டையும் விரிச்சா இன்னும் அகலம். பத்தடிச் சந்துல ஒரு பக்கம் பைக் வரிசையா நின்னா நுழையவே முடியாது, நுழைஞ்சா கதவு திறக்க முடியாது. "பார்க்கிங் உண்டு"ன்னு சொன்னா, வாசல்ல ஒரு பெரிய கார் நிக்கற போட்டோ கேளுங்க. "பக்கத்துல விட்டுக்கலாம்"னு பதில் வந்தா அடுத்தவங்க வீட்டு வாசல்னு அர்த்தம்.

முழங்கால்_டாக்டர்_இல்லை:
அம்மாவுக்கு மூட்டு வலின்னீங்க. "முதல் மாடி"ன்னு கேட்டு விட்டுடாதீங்க, படி எத்தனைன்னு எண்ணச் சொல்லுங்க. இப்போ கட்டற வீட்டுல தளம் பத்தடி உயரம், ஒரு படி ஏழு அங்குலம், ஆக 17 படி. பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு 14 அடி உயரம் சாதாரணம், அங்க 24 படி. அதுவும் ஒடுக்கமா, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடியோட இருக்கும். இறங்கும்போது வலி இருக்கற காலுக்குக் கைப்பிடி கிடைக்காது. பாத்ரூம் படுக்கை அறையோட சேர்ந்ததா, வெஸ்டர்னா, நடுவுல முற்றம் தாண்டணுமா? முற்றம் போட்டோவுக்கு அழகு, மழை ராத்திரியில வழுக்கும்.

வயர்மேன்_நெல்லித்தோப்பு:
யாரும் கரண்டைப் பத்திப் பேசல. ஆறு பேர், ரெண்டு ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு. கணக்கு போடுங்க: ஒன்றரை டன் ஏசி ஒண்ணு சுமார் 7 ஆம்பியர், ரெண்டு 14. கீசர் 2000 வாட், அது 9. இண்டக்ஷன் இன்னொரு 9. கூட்டினா 32. சிங்கிள் ஃபேஸ் வீட்டுல மெயின் 32 ஆம்பியர் எம்சிபி (லோடு ஏறினா தானா அணையற சுவிட்ச்) இருந்தா, அந்த நேரம் யாராவது மோட்டாரும் போட்டா கொஞ்ச நேரத்துல டிரிப் ஆகலாம். காலைல ஏழு மணிக்கு எல்லாரும் குளிக்கும்போதுதான் இது நடக்கும். வீடு த்ரீ ஃபேஸான்னு கேளுங்க. இல்லன்னா கேஸ் அடுப்பு இருக்கான்னு கேளுங்க, பாதிப் பிரச்சனை தீர்ந்துடும். "பவர் பேக்கப் உண்டு"ன்னா இன்வெர்ட்டர். ஃபேனும் லைட்டும் ஓடும், ஏசி ஓடாது.

தண்ணி: கடலோரத்துல போர் தண்ணி உப்பு. முனிசிபல் லைனா போரான்னு கேளுங்க. சோப்பு நுரைக்காது, டீ திரியும். சமையலுக்கும் குடிக்கவும் கேன் தண்ணி, ஆறு பேருக்கு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன் போதாது, ரெண்டு வச்சுக்குங்க.

ஜன்னலுக்கு வலை அடிச்சிருக்கான்னும் பாருங்க. கொசு ஆராய்ச்சிக்குன்னே மத்திய அரசு 1975-லேருந்து ஒரு மையம் நடத்தற ஊர் இது, அதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு.

கடலூர்_ஓடி:
கடலூர்ல தங்கிட்டு பாண்டி போகலாமேன்னு யாராவது சொல்லுவாங்க. மஞ்சக்குப்பத்துல அமைதியான தெரு உண்டு, தேவனாம்பட்டினம் கடற்கரை கிட்ட, வாடகையும் குறையும். ஆனா தினமும் பாண்டிதான் போகணும்னா வேண்டாம். இருபத்து சொச்சம் கிலோமீட்டர், அதுல கடைசிப் பகுதி அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம். லீவு நாள்ல அதைத் தாண்டறதுக்குள்ள பசங்க தூங்கிடும்.

திருச்சி_பயணி:
கேட்டுட்டேன். ரெயின்போ நகர்: வாசலுக்கு ஒரே படி, சம்ப் மூடி தரை மட்டம், எதிர்வீட்டுச் சுவர் போட்டோ அனுப்பல. சோலை நகர்: 23 படி, தெரு ஒன்பதடி. கோட்டக்குப்பம்: சாட்டிலைட்ல கறுப்புக் கோடுதான். 😔 மூணையும் விட்டாச்சு.

புதுசா ஒண்ணு கிடைச்சிருக்கு, லாஸ்பேட்டையில ஹெலிபேட் மைதானத்துக்குக் கிட்ட, கீழ்த்தளம், வாசலுக்கு நாலு படி, கேட்டுக்குள்ள கார் நிறுத்தலாம், த்ரீ ஃபேஸ். கடல்தான் தூரம். எடுக்கலாமா?

ரெயின்போ_நகர்_குறுக்குத்தெரு:
எடுங்க. மேட்டுப் பகுதி, தெரு அகலம், காலைல அம்மா மைதானத்துல நடக்கலாம், நிறைய பேர் நடப்பாங்க. கடலுக்கு நாலஞ்சு கிலோமீட்டர்தான். முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி சுற்றுலாத் துறைப் பதிவு இருக்கா, ரசீது தருவாங்களான்னு கேளுங்க. எல்லாரோட ஆதார் நகலும் கேக்கற ஓனர் நல்ல ஓனர். ஒண்ணுமே கேக்காதவர்கிட்ட, அக்கம்பக்கத்துல புகார் வந்தா ராத்திரியில பதில் சொல்லப் போறது நீங்க.

மணிக்கூண்டு_முத்தியால்பேட்டை:
சரியான முடிவு. ரெண்டு விஷயம் மட்டும். பீச் ரோட்டுல சாயந்தரம் ஆறுலேருந்து காலை ஏழரை வரைக்கும் வண்டி விட மாட்டாங்க. அஞ்சரைக்குள்ள அம்மாவை காந்தி சிலைகிட்ட இறக்கி பெஞ்சுல உட்கார வச்சுட்டு, காரை உள்வீதியில எங்கயாவது விட்டுட்டு வாங்க. திரும்பும்போது அம்மா டூமாஸ் வீதி வரைக்கும் ஒரு வீதி நடந்தா போதும், அங்க கார் வரும். ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை காந்தி வீதியில சண்டே மார்க்கெட், அந்தப் பக்கம் காரைத் திருப்பாதீங்க.

வாடகை பைக் எடுத்தா கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கணும், பேட்டரி வண்டின்னா பச்சை பிளேட்ல மஞ்சள் எழுத்து. வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்குக் குடுத்தா வாங்காதீங்க, இடிச்சா இன்சூரன்ஸ் வராமப் போகலாம்.

திருச்சி_பயணி:
முன்பணம் கட்டியாச்சு. பதிவு நம்பர் குடுத்தாங்க, ஆறு பேர் ஆதாரும் கேட்டாங்க. கேன் தண்ணி ரெண்டு சொல்லி வச்சிருக்கேன்.

வயர்மேன்_நெல்லித்தோப்பு:
மூணு சொல்லுங்க. 25, 26 தேதியில கேன் போடற பையனும் லீவு.