பந்தயம் ஓய்ந்த கிரேஹவுண்ட் தென்னந்தோப்பு வீட்டுக்கு ஆகுமா?

விவாதப் பொருள்: பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாயை பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து வீடுகளில் தத்தெடுத்து வளர்க்கலாமா?

கொழிஞ்சாம்பாறை மேற்கு:
கூடாது என்பதுதான் என் கட்சி. பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும். உடம்பில் கொழுப்பே இல்லாத, தோல் மெலிந்த நாய் இது. இங்கே தோப்புக்குத் தோப்பு முள்கம்பி வேலி. பாய்கிற வேகத்தில் கம்பி அதன் கண்ணில் படாது. மற்ற நாய்க்குக் கீறலாகப் போவது இதற்கு ஒரு சாண் நீளத்துக்குத் தோலை உரித்துவிடும். ஓடுகிற சாதிதான் ஆசை என்றால் கன்னி, சிப்பிப்பாறை இருக்கிறதே. இந்த வெயிலிலேயே வளர்ந்து வந்த இனங்கள்.

சித்தூர்ப்புழை:
அண்ணா, வெயிலும் முள்கம்பியும் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் கன்னியை எடுத்தால் பந்தயம் முடிந்த நாய்க்கு வீடு கிடைத்துவிடுமா? அமெரிக்காவில் ஃபுளோரிடா 2018ல் வாக்கெடுத்து, 2020 முடிவோடு நாய்ப் பந்தயத்தை நிறுத்தியபோதுகூட ஓடின நாய்களுக்கெல்லாம் வீடு தேட வேண்டியிருந்தது. பந்தயம் எங்கே நடந்தாலும் அதுதான் கதி.

ஓய்ந்த கிரேஹவுண்ட் நாளில் பெரும்பகுதி படுத்தே கிடக்கும். காலை 6.30க்கு முன், இரவு 7க்குப் பின், 20 நிமிட நடை போதும். தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை இறக்கக் கூடாது. மூச்சிரைத்துத் தள்ளாடினால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 41 டிகிரி செல்சியஸ் என்றால் அந்த நொடியே உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி மின்விசிறியைப் போட வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே நின்றுவிடும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

தோப்பு வீடு:
இதை எதுக்குங்க வீட்டுக்குள்ள விடணும்? தென்னையில 30 அடி கயித்தைக் கட்டி விட்டா நிழலுக்கு நிழலும் ஆச்சு, நடக்க இடமும் ஆச்சு.

சித்தூர்ப்புழை:
அந்தக் கயிறுதான் ஆபத்துங்க. நாலைந்து பாய்ச்சலிலேயே பெருவேகம் எடுத்துவிடும். ஓணானைப் பார்த்துப் பாய்ந்தால் 30 அடி முடிகிற இடத்தில் அந்த வேகம் முழுக்கக் கழுத்தில் விழும், எலும்பே முறியும். ஆறடிக்கு மேல் கயிறு வேண்டாம், அதுவும் கை பிடியில் இருக்க வேண்டும். தலை கழுத்தை விடச் சிறுத்திருப்பதால் சாதாரணப் பட்டை பின்னால் இழுத்ததும் கழன்று வந்துவிடும். ஒன்றரை முதல் 2 அங்குல அகலத்தில், இழுத்தால் அளவாக மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் காலர் வாங்கி, காதுக்குப் பின்னால் உயரமாகப் போட்டு, இறுகிய நிலையிலும் இரண்டு விரல் நுழையும்படி வையுங்கள்.

வீட்டுக்குள் ஏன் என்று கேட்டீர்கள். முழங்கை எலும்புக்கு மேல் சதையே கிடையாது. வெறும் தரையில் படுத்தால் அங்கே நீர் கோத்து உருண்டையாக வீங்கும். 4 அங்குலத் தேங்காய்நார் மெத்தை போடுங்கள். ரெட் ஆக்சைடு தரையும் டைல்ஸும் அதற்குப் புதுசு. கால் வழுக்கி ஒருமுறை விரிந்தால் அறை நடுவிலேயே உறைந்து நிற்கும். வாசலில் இருந்து மெத்தை வரை சாக்கைப் பாதை மாதிரி விரித்துவிட்டால் நடக்கும். வாரத்துக்கு ஒரு சாக்காக எடுத்துவிடலாம். கண்ணாடிக் கதவில் நாயின் கண் உயரத்துக்குக் காகிதம் ஒட்டுங்கள், இல்லையென்றால் நேராகப் போய் மோதும்.

கொழிஞ்சாம்பாறை மேற்கு:
குழந்தை இருக்கிற வீட்டில்? அது கண்ணைத் திறந்தபடியேகூடத் தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தை கட்டிப்பிடித்தால் திடுக்கிட்டுக் கடித்துவிடும்.

சித்தூர்ப்புழை:
கடிக்கலாம், மறைக்க மாட்டேன். பந்தய நாய்ப் பட்டியில் தனிக் கூண்டில் தூங்கின நாயை அங்கே யாரும் தொட்டு எழுப்பியதில்லை. மெத்தையைச் சுவர் ஓரம் போட்டு, அந்த இடத்துக்குக் குழந்தை போகவே கூடாது என்று வைக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலையைத் தூக்கிய பிறகுதான் பெரியவர்களும் கிட்டே போக வேண்டும். இதைக் கடைப்பிடிக்க முடியாத வீடு எடுக்க வேண்டாம்.

தனியாக விட்டாலும் ஊளையிடும். பட்டியில் எப்போதும் பக்கத்தில் நாய் இருந்ததுதான் காரணம். கதவைச் சாத்தி 10 விநாடி, அப்புறம் அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று கூட்டுங்கள். அழுதால் முந்தின அளவுக்கு இறங்குங்கள். கதவைப் பிறாண்டிச் சொல்லத் தெரியாது, முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நாமே வெளியே கூட்டிப் போக வேண்டும்.

தோப்பு வீடு:
கோழியும் பூனையும் இருக்குதுங்களே?

சித்தூர்ப்புழை:
பூனை என்றால் வாய்க்கூடு மாட்டி, கயிற்றில் பிடித்துத் தூரத்தில் காட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் நம்பிக்கை உண்டு. காது விறைத்து, உடம்பு நடுங்கி, மூக்கருகே கோழிக்கறி நீட்டினாலும் திரும்பாவிட்டால் அந்த வீட்டுக்கு அது ஆகாது. அவிழ்த்துவிட்ட கோழி மேயும் வீட்டுக்கு நானே வேண்டாம் என்பேன்.

ஆனமலை அடிவாரம்:
யாரும் தொடாத விஷயம் ரத்தம். இந்தப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். நாய் சோர்ந்தால் முதலில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவைத்தான் (பிளேட்லெட்) எண்ணுவார்கள். மற்ற நாய்களுக்கு மைக்ரோலிட்டருக்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். நல்ல ஆரோக்கியமான கிரேஹவுண்டுக்கே 1 லட்சம் முதல் 2 லட்சத்துக்குள் இருக்கும். அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்று மருந்து தொடங்கக் கூடாது. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சும் கிருமிப் பரிசோதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் சிவப்பணு விகிதம் நேர்மாறு: இதற்கு 50 முதல் 60 சதவீதம் சாதாரணம். மற்ற நாய்க்கு 40 சரி, இதற்கு 40 என்றால் சோகை இருக்கிறதா என்று தேட வேண்டும். தைராய்டு அளவும் இயல்பிலேயே தாழ்வு, வாழ்நாள் மாத்திரைக்கு அவசரப்படாதீர்கள். தயோபென்டோன் என்ற மயக்க மருந்து கொடுத்தால் ஈரல் அதை மெதுவாகத்தான் கழிக்கும், தெளிய வெகுநேரம் ஆகும். கருத்தடைக்குப் போகும்போதே அதற்குப் பதிலான மயக்க மருந்துகள் புரோபோஃபால், ஐசோஃப்ளூரேன் இருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை இதன் மேல் தெளிக்கவே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை மேற்கு:
ரத்தக் கணக்கு எனக்குப் புதுசு, நன்றி. கோழி இல்லாத, சுற்றுச்சுவர் உள்ள வீடு என்றால் என் எதிர்ப்பைத் தளர்த்துகிறேன். முள்கம்பி வீட்டுக்கு இப்போதும் இல்லைதான். தெருநாய்க்கூட்டத்துக்கு என்ன வழி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

சித்தூர்ப்புழை:
முழு வழி கிடையாதுங்கண்ணா. கூட்டம் திரியாத நேரத்தையும் தெருவையும் பார்த்துப் போக வேண்டும். நம் நாய்க்கு வாய்க்கூடு போட்டிருந்தால் அதனால் திருப்பிக் கடிக்க முடியாது, அதனால் கூட்டம் உள்ள தெருவில் வாய்க்கூட்டோடு போகவே கூடாது. வெறிநாய்த் தடுப்பூசியும் பஞ்சாயத்து லைசென்ஸும் முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டியவை.

ஆனமலை அடிவாரம்:
நாய் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை ரத்தம் எடுத்து, அந்த எண்களைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்த அன்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான்.