டிஸ்க் ஆபரேஷன்: ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன, முடிந்தபின் எத்தனை வாரம் தடை?

கையேட்டுக்காரர்:
கீழ் முதுகில் எல்4-எல்5, எல்5-எஸ்1 எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தும்போது, அந்தத் துண்டை எடுக்கும் மைக்ரோடிஸ்கெக்டமி ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்காக இரண்டு பக்கக் கையேடு ஒன்றைத் திருத்தி எழுதுகிறோம். இரண்டு இடத்தில் முட்டுகிறது.

2006-ல் வந்த ஸ்போர்ட் என்ற அமெரிக்க ஆய்வு, ஆபரேஷனுக்கும் மருந்து-பிசியோ வழிக்கும் புள்ளியியல்படி வேறுபாடு இல்லை என்கிறது. 2020-ல் வந்த கனடா ஆய்வோ ஆபரேஷன்தான் மேல் என்கிறது. நோயாளியிடம் எதைச் சொல்வது?

அடுத்தது, பழைய கையேட்டில் "ஆறு வாரம் குனியக் கூடாது, உட்காரக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது" என்று இருக்கிறது. இதற்கு ஆதாரம் உண்டா, இல்லை யாரோ எழுதியதை எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டே வருகிறோமா?

விளிம்புக்குறிப்பு:
ஸ்போர்ட்டின் முடிவு வரியை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். அதில் 501 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் பிரிவில் 60 சதவீதம் பேர்தான் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆபரேஷன் வேண்டாத பிரிவிலும் 45 சதவீதம் பேர் செய்துகொண்டுவிட்டார்கள். குலுக்கலில் விழுந்த பிரிவுப்படி கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு கலவைகளை ஒப்பிடுகிறோம். வேறுபாடு கரைந்துபோவதில் வியப்பில்லை. உண்மையில் பெற்ற சிகிச்சைப்படி கணக்குப் போட்டால் ஆபரேஷன் பக்கம் தெளிவாகச் சாய்கிறது. ஆனால் வலி தாங்காதவர்கள்தான் அந்தப் பக்கம் தாவியிருப்பார்கள் என்பதால், குலுக்கல் தந்த பாதுகாப்பு அங்கே போய்விடுகிறது. ஆக, இந்த ஆய்வை வைத்து "ஆபரேஷனால் பயனில்லை" என்று எழுதவே கூடாது.

முரண்பாடு மாதிரித் தெரிவதற்கு இன்னொரு காரணம், ஆய்வுகள் எடுத்துக்கொண்ட நோயாளிகள் வேறு வேறு கட்டத்தில் இருந்தவர்கள். 2007 நெதர்லாந்து ஆய்வில் 283 பேர், கால் வலி தொடங்கி 6 முதல் 12 வாரம் ஆனவர்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்ட பிரிவு குணமாக எடுத்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் தேற எடுத்த காலம்) 4 வாரம், காத்திருந்த பிரிவுக்கு 12.1 வாரம். ஒரு வருட முடிவில் இரண்டிலும் 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த 95 பொய்யாகிவிடும்.

கனடா ஆய்வின் 128 பேரும் 4 முதல் 12 மாதம் வலியோடு இருந்தவர்கள். தானாகச் சரியாகக்கூடியவர்கள் அதற்குள் பெரும்பாலும் கழன்றுவிட்டிருப்பார்கள். ஆறாவது மாதத்தில் 10-க்குக் கால் வலி ஆபரேஷன் பிரிவில் 2.8, மற்றதில் 5.2.

கையேட்டில் நான் எழுதுவதானால்: ஆரம்ப வாரங்களில் ஆபரேஷன் வலியைச் சீக்கிரம் குறைக்கும், ஒரு வருடத்துக்குள் மற்றவர்களும் எட்டிப்பிடிப்பார்கள். நாலு மாதம் தாண்டியும் கால் வலி விடவில்லை என்றால் ஆபரேஷனின் பலன் கூடுதல். இவை எல்லாமே கால் வலிக்கான கணக்கு, இடுப்பு வலிக்கு இதே வாக்குறுதி தரக் கூடாது.

படிப்படி:
தடை விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வாரத் தடை வழிவழியாக வந்ததுதான். கேரஜி என்ற முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் 152 பேருக்கு எந்தத் தடையும் சொல்லாமல் அனுப்பிப் பார்த்தார். சராசரியாக 1.2 வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். பிறகு இரண்டு வாரத் தடையையும் ஆறு வாரத் தடையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோதும் ஆறு வாரத்தால் கூடுதல் நன்மை தெரியவில்லை.

டிஸ்க் மறுபடி பிதுங்குவதில் பெரிய பங்கு வெளி வளையத்தில் இருக்கும் ஓட்டைக்கு. கேரஜியின் 2003 ஆய்வில் சிறு பிளவோடு துண்டு வெளிவந்தவர்களில் 1 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி பிதுங்கியது. பெரிய ஓட்டை இருந்தவர்களில் 27 சதவீதம். ஆகவே ஆபரேஷன் குறிப்பில் ஓட்டையின் அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் ஒரே தடை போடுவதைவிட, பெரிய ஓட்டைக்காரருக்கு மட்டும் இறுக்கிப் பிடிப்பது நியாயம்.

நடைமுறையில்: படுக்கையிலிருந்து எழும்போது முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். முதல் நாளிலிருந்தே 5-10 நிமிட நடை, ஒரு நாளைக்குப் பல முறை. உட்காருவதற்குத் தடை வேண்டாம், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தால் போதும். வில்கே என்ற ஆய்வாளர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் டிஸ்க்கின் உள்ளழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), சாயாமல் உட்காரும்போது 0.46. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கினாலும் 1.7, அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றால் 1.1. பயப்பட வேண்டியது நாற்காலிக்கு அல்ல, முதுகை வளைத்துத் தூக்குவதற்கு.

பயிற்சியை 4-6 வாரத்தில் தொடங்குவதற்கு 2014 காக்ரேன் தொகுப்பு (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல்) ஆதரவாக இருக்கிறது, அதனால் மறு ஆபரேஷன் கூடியதாகவும் தெரியவில்லை. எல்லோரையும் வீடு போனவுடனே பிசியோவுக்கு அனுப்பிய நெதர்லாந்து ஆய்வில் (169 பேர்) குறிப்பிடும்படியான லாபம் கிடைக்கவில்லை.

கையேட்டுக்காரர்:
நன்றி. ஒன்று விட்டுப்போச்சு: கால் வலி திரும்பி வந்தால் உடனே எம்ஆர்ஐயா?

தையல்:
எப்போது, எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள். முதல் இரண்டு வாரத்தில் லேசாக வந்து போகும் வலி பெரும்பாலும் நரம்பு வேரின் வீக்கம். வலி முதலில் போகும், மரத்துப்போனது கடைசியாகத்தான் தெளியும், சிலருக்கு மாதக்கணக்கில். நன்றாக இருந்தவருக்குத் தும்மியதும் பழைய இடத்திலேயே சுரீரென்று இறங்கினால் மறு பிதுக்கத்தைச் சந்தேகிக்கலாம். அப்போது கடோலினியம் என்ற ஒளிரச்செய்யும் மருந்தை ஊசியில் போட்டு எம்ஆர்ஐ: தழும்பு ஒளிரும், டிஸ்க் துண்டு விளிம்பைத் தவிர ஒளிராது. அறிகுறி இல்லாதவருக்கு எடுக்காதீர்கள். 2013-ல் வந்த ஆய்வில், கால் வலிக்குச் சிகிச்சை பெற்ற 267 பேரை ஒரு வருடம் கழித்து ஸ்கேன் செய்தபோது, தேறியவர்களில் 35 சதவீதம் பேருக்கும் தேறாதவர்களில் 33 சதவீதம் பேருக்கும் பிதுக்கம் தெரிந்தது.

எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் போய்விடுகிறது, தையலில் தெளிந்த நீர் என்றால் தண்டுவட உறையில் கசிவு. இரண்டு முதல் நாலு வாரத்தில் புரண்டு படுத்தாலே துடிக்கிற இடுப்பு வலி வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் தொற்றைச் சந்தேகித்து சிஆர்பி என்ற ரத்தச் சோதனை பாருங்கள். அது சுமார் இரண்டு வாரத்தில் இறங்கியிருக்க வேண்டும். இஎஸ்ஆர் என்ற இன்னொரு ரத்தச் சோதனை மெதுவாகத்தான் இறங்கும், அதை மட்டும் நம்பாதீர்கள். சிறுநீர் போகவில்லை, உட்காரும் இடம் மரத்துவிட்டது, பாதம் தூக்க வரவில்லை என்றால் அதே நாளில் அவசரப் பிரிவு. இந்த வரியைக் கையேட்டின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள்.

விளிம்புக்குறிப்பு:
ஒரு சின்னக் குறிப்பு. வில்கேயின் அழுத்தக் கணக்கு ஒரே ஒரு ஆளின் எல்4-எல்5 டிஸ்க்கில், அதுவும் ஆபரேஷன் ஆகாத டிஸ்க்கில் எடுத்தது. எது கூட, எது குறைய என்று ஒப்பிட்டுக் காட்ட உதவும். "இத்தனை கிலோவரை தூக்கலாம்" என்ற வரம்பை அதிலிருந்து பிழிந்தெடுத்து அச்சடித்துவிடாதீர்கள்.