லே ஆஃப்னா வேலை போறது இல்ல: அமெரிக்க ரயில் ஒப்பந்தத்துக்குச் சொல் தேடல்

எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்க சரக்கு ரயில் ஓட்டறவங்களோட லீவு, டியூட்டி விதிகளைப் பத்தி தமிழ்ல ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன், கம்பெனியும் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துல வர்ற சொற்களையும் அதுல தமிழாக்கணும், பாதியில சொல் கிடைக்காம நிக்குது. முதல் தகராறே இன்ஜினியர்ங்கற சொல்லுதான். அங்க இன்ஜினியர்னா நம்ம ஊர் லோகோ பைலட், 1863ல ஆரம்பிச்ச அவங்க சங்கத்தோட பேர்லயே இன்ஜினியர் இருக்கு, அதைப் பொறியாளர்னு போட்டா படிக்கறவங்க பாலம் கட்டறவரைத்தான் நினைப்பாங்க. அதனால ஓட்டுநர்னு வச்சிட்டேன், அதுல பஞ்சாயத்து வேண்டாம்.

பஞ்சாயத்து லே ஆஃப்ல. நமக்கு லே ஆஃப்னா கம்பெனி ஆளை வீட்டுக்கு அனுப்பறது. அந்த ஊர் ரயில்காரங்க பேச்சுல அது அப்படியே தலைகீழ், ஓட்டுநர் தானே போன் பண்ணி இன்னிக்கு நான் வரலைன்னு சொல்றதுக்குப் பேருதான் லே ஆஃப். வேலை இல்லாம கம்பெனி நிறுத்தி வச்சா அது ஃபர்லோ, அதுல பணிமூப்பு போகாது, வேலை வந்தா திரும்பக் கூப்பிடணும். 'லே ஆஃப் சிக்'ங்கறதை மொழிபெயர்ப்புக் கருவியில போட்டுப் பார்த்தேன், 'நோய்வாய்ப்பட்ட ஆட்குறைப்பு'ன்னு குடுத்துச்சு!

ரெண்டாவது எக்ஸ்ட்ரா போர்டு. இதைக் கூடுதல் வாரியம்னு எழுத எனக்கு மனசு வரல. நிரந்தரமா ஒரு வண்டி ஒதுக்காத ஓட்டுநர்களோட வரிசை அது, மேல இருக்கறவரை முதல்ல கூப்பிடுவாங்க, அவர் போய்ட்டு வந்தா கடைசியில சேருவார். யாராவது லீவு சொன்னாலோ திடீர்னு ஒரு வண்டி கிளம்பினாலோ அந்த வரிசையிலேருந்துதான் ஆள். கன்சாஸ் சிட்டில நான் இருந்தப்போ பக்கத்து வீட்டுக்காரர் இப்படி ஒரு வரிசைல இருந்தார், பையனோட பிறந்தநாளுக்கு கேக் வெட்டும்போதும் போன் மேஜைமேல மல்லாந்துதான் கிடக்கும், அடிச்சா ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல யார்டுல நிக்கணும். அன்னிக்கு கேக்கை டப்பால போட்டு எடுத்துட்டுப் போனார். இதுல எக்ஸ்ட்ராவா எதுவும் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல.

சொல் சொல்லுங்க.

----------

தம்பி,

நான் ஈரோட்டுல லோகோ பைலட்டா இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க சொல்றது எங்களுக்குப் புதுசு இல்ல. இங்க லிங்க்ல இருக்கறவனுக்கு எந்த நாள் எந்த வண்டின்னு முன்கூட்டியே தெரியும், கூட்ஸ்ல இருக்கறவனுக்கு கால் வந்தாதான் தெரியும். அந்தக் காலத்துல கால் பாய் ராத்திரி ரெண்டு மணிக்கு சைக்கிள்ல வந்து கதவைத் தட்டி புக்குல கையெழுத்து வாங்கிட்டுப் போவான், தெரு நாய் எல்லாம் அவனுக்குப் பழக்கம். அதனால அழைப்புப் பட்டியல்னு வச்சுக்குங்க. லே ஆஃபுக்கு என்ன பெரிய ஆராய்ச்சி, லீவு சொல்றதுதானே.

----------

ஐயா, லீவு சொல்றது, அடடா! நாலு நாளா தலையைப் பிச்சுக்கிட்டிருந்தேன். கட்டுரைக்கு 'விடுப்பு சொல்லல்'னு வச்சிக்கறேன், விடுப்பு விண்ணப்பம்னு எழுதினா தப்பாயிடும், விண்ணப்பம்னா யாரோ ஒருத்தர் பார்த்து அனுமதி குடுக்கறது, இது சொல்லிட்டு நிக்கறது. ஆனா சும்மா இல்ல, பின்னாடி கணக்கு வரும். 2022 பிப்ரவரில பி.என்.எஸ்.எஃப்ங்கற ரயில் கம்பெனி ஹை விஸ்னு ஒரு முறை கொண்டு வந்துச்சு, ஆளுக்கு 30 புள்ளி, விடுப்பு சொன்னா நாளைப் பொறுத்துப் புள்ளி கழியும், தொடர்ந்து 14 நாள் அழைப்புக்குத் தயாரா இருந்தா 4 புள்ளி திரும்பக் கிடைக்கும். அந்த வருஷம் ஸ்டிரைக் வாசல் வரைக்கும் போனதுக்கு சம்பளத்தைவிட இந்த மாதிரி விதிகள்தான் பெரிய காரணம், அஞ்சு வருஷத்துக்கு 24 சதவீத உயர்வு மேஜைல இருந்தும் ஆறல. கடைசில அந்த ஊர் நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு, டிசம்பர் 2ம் தேதி பைடன் கையெழுத்து போட்டு ஸ்டிரைக் வராம நிறுத்தினாங்க, சம்பளத்தோட 7 நாள் நோய் விடுப்பு வேணும்ங்கற தீர்மானத்துக்கு செனட்ல 52 ஓட்டு கிடைச்சும் 60 தேவைங்கறதால விழுந்துடுச்சு. இதையெல்லாம் எழுதும்போது லே ஆஃபை ஆட்குறைப்புன்னு போட்டிருந்தா கதையே மாறியிருக்கும்.

அழைப்புப் பட்டியல்ல எனக்கு ஒரு சின்னக் குறை. அமெரிக்கால அந்த வரிசையில இல்லாத ஓட்டுநர்கள்லயும் பலரை போன்ல கூப்பிடத்தான் செய்வாங்க. இங்க விஷயம் சுத்தி வர்ற வரிசை. எங்க ஊர்ல கண்மாய்த் தண்ணிக்கு முறை வைப்பாங்க, உன் முறை எப்போன்னு கேப்பாங்க, நடுராத்திரி முறை வந்தாலும் மம்பட்டியைத் தூக்கிட்டுப் போகணும், தூங்கிட்டா தண்ணி அடுத்த வயலுக்குப் போயிடும். அதே சங்கதிதான் இது. 'அழைமுறைப் பட்டியல்'னா ரெண்டும் வந்துடும், அழைப்பும் முறையும். அதுல இருக்கறவர் அழைமுறை ஓட்டுநர்.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சிக்கல். லிம்போ டைம். அங்க சட்டப்படி 12 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது, 1907ல சட்டம் வந்தப்போ 16ஆ இருந்தது, பிறகு 14 ஆகி 12 ஆச்சு. 12 முடிஞ்சா வண்டி எங்க நிக்குதோ அங்கயே நிப்பாட்டிடணும், சோளக்காட்டு நடுவுல இருந்தாலும் சரி. மாத்து ஆள் வரணும், இவங்களை ஏத்திட்டுப் போக வேன் வரணும், வேன் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் வருது, அப்புறம் ரெண்டு மணி நேரப் பயணம். இந்த நாலு மணி நேரம் டியூட்டியும் இல்ல, ஓய்வும் இல்ல. வேன்ல போற நேரம் ரெண்டுலயும் சேராதுன்னு சட்டத்துலயே இருக்கு, வேனுக்குக் காத்திருக்கற நேரமும் அப்படித்தான்னு 1996ல அந்த ஊர் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. 2008 சட்டம்தான் மாசத்துக்கு ஒரு உச்சவரம்பு வச்சுது, இப்போ 30 மணி நேரம், அதோட 12ஐத் தாண்டின நேரம் எவ்வளவோ அவ்வளவும் அப்புறம் வர்ற 10 மணி நேர ஓய்வோட கூட்டித் தரணும்னும் சொல்லுச்சு.

அகராதில லிம்போவுக்கு இடைநிலை, தொங்குநிலைன்னு போட்டிருக்கு. நான் சொல்றது 'திரிசங்கு நேரம்'. மேலயும் போக முடியாது கீழயும் இறங்க முடியாது.

----------

அண்ணா, அழைமுறை நல்லா இருக்கு. திரிசங்கு நேரம் கட்டுரைக்கு சரி, ஒப்பந்தத்துக்கு ஒத்துவராது. நான் தொழிலாளர் வழக்கு மொழிபெயர்க்கறவ, கோர்ட்டுல 'மேற்படி திரிசங்கு நேரம்'னு படிச்சா வக்கீலே சிரிச்சுடுவார். தவிர விதி எழுதும்போது எந்தக் கணக்குலயும் சேராததுங்கற அர்த்தம் சொல்லுக்குள்ளயே தெரியணும். 'கணக்கில்லா நேரம்'னு வைக்கலாமா?

----------

அம்மா, கணக்கில்லா நேரம்னா எண்ணி முடியாத நேரம்னு ஆயிடுமே, கணக்கில்லாத காசு மாதிரி. அதோட இந்த நேரத்துக்குப் பல ஒப்பந்தங்கள்ல காசு உண்டு, சும்மா உக்கார வைக்கல, வேலை நேர வரம்புக்கும் ஓய்வுக்கும்தான் இது சேராது. 'இருபுறச் சேரா நேரம்'னு பார்த்தேன், வாய்க்குள்ள நுழையல.

வக்கீல் சிரிச்சா சிரிக்கட்டும்னு தோணுது. லிம்போவும் சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவுல உள்ள இடம்னு கிறிஸ்தவ மரபுல வந்த சொல்தானே, அதை அமெரிக்க கோர்ட் தீர்ப்புலயே எழுதும்போது யாரும் சிரிக்கல. நமக்கும் அதே மாதிரி ஒரு சொல் பாட்டி காலத்துலேருந்து வீட்லயே கிடக்கு. சரி, ஒரு சமரசம்: விதியோட வரையறைல 'சேராநேரம்', விளக்கத்துல திரிசங்கு. சேராநேரம் ஒரே சொல்லா எழுதணும், இடைவெளி விட்டா கலைச்சொல்லா தெரியாது, சேராத ஏதோ ஒரு நேரம்னு ஆயிடும்.

----------

சேராநேரத்துக்கு நான் கை தூக்கறேன். அப்போ பம்ப் (bump)ங்கற சொல்லுக்கு என்ன பண்றீங்க? மூத்தவரோட வேலை ரத்தானா அவர் தனக்கு இளையவரோட இடத்தை எடுத்துக்கறது, அந்த இளையவர் அவருக்கு இளையவரைத் தள்றது, கடைசில ஒருத்தர் உங்க அழைமுறைப் பட்டியல்ல போய் விழறது.

----------

'இடந்தள்ளல்'னு வச்சிருக்கேன். பணிமூப்புங்கற சொல் அரசாங்க ஆபீஸ்லயே புழங்கறதால அதைத் தொடல. ஈரோட்டு ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும்: ஓட்டுநர் வண்டி ஓட்டாம பயணியா உக்காந்து இன்னொரு ஊருக்கு டியூட்டிக்குப் போறதை அவங்க டெட்ஹெட்ங்கறாங்க, நீங்க அதை என்னன்னு சொல்லுவீங்க?

----------

ஸ்பேர். 'ஈரோட்லேருந்து ஜோலார்பேட்டைக்கு ஸ்பேரா போனேன்'னு சொல்லுவோம். அதுக்கும் தமிழ் கண்டுபிடிக்கப் போறீங்களா?

----------

இல்லைங்க ஐயா, ஸ்பேர்னே எழுதிடறேன்.