பவர் வீல்சேரை வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மடிப்பாக்கம், சென்னை

கழுத்தில் அடிபட்டவன் நான், சி6, அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம். தோளிலும் முழங்கையிலும் வலு உண்டு, விரல்கள் பிடிக்காது. இத்தனை வருஷமும் கையால் தள்ளும் சேர்தான். தோள் தேய ஆரம்பித்துவிட்டதால் பவர் வீல்சேருக்கு மாறிவிடு என்று ரீஹாப் டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு டீலர் வெளிநாட்டுச் சேர் ஒன்றைச் சில வாரம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கொடுத்தார். நடுச்சக்கர டிரைவ், அதாவது மோட்டார் நடுச் சக்கரங்களில், மொத்தம் ஆறு சக்கரம். சீட்டைச் சாய்க்கலாம், உயர்த்தலாம். விலை சின்ன கார் அளவுக்கு. நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த டில்ட் இருக்கிறதே, அதற்காகவே வாங்கலாம். சீட்டும் முதுகும் கோணம் மாறாமல் சேர்ந்தே பின்னால் சாயும். இடுப்புக்குக் கீழே இருக்கிற பாரம் முதுகுக்குப் போய்விடும். உணர்ச்சி இல்லாத உடம்புக்குப் புண் வருவது உட்காரும் எலும்புக்குக் கீழேதான் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய சேரில் அரை மணிக்கு ஒரு தரம் அம்மா வந்து என்னை முன்னால் குனியவைத்துப் பிடிக்கணும். இதில் பட்டனை அமுக்கி நானே சாய்ந்துகொள்கிறேன். அம்மா மத்தியானம் தூங்குகிறார். ஆனால் கொஞ்சமாகச் சாய்ந்தால் வெறும் சுகம்தான், 15, 20 டிகிரி எல்லாம் அழுத்தம் குறைய ஆகாது. அழுத்தம் நிஜமாகவே குறையணும் என்றால் 45 டிகிரி பக்கம் போய் ஓரிரு நிமிஷமாவது அப்படியே கிடக்கணும். அப்போது தலை பின்னால் போகும், கால் மேலே எழும்பும். அதற்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஹாலின் நடுவில் மட்டும்தான் இருக்கிறது.

ஜாய்ஸ்டிக்கில் வந்த குமிழ் என் கைக்கு உதவாது. யு வடிவப் பிடி ஒன்று உண்டு, அதில் கையை அப்படியே செருகிக்கொள்ளலாம். கேட்டால் மாற்றித் தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வேகம், முடுக்கம், திரும்பும் வேகம் எல்லாம் புரோகிராமில் தனித்தனியாகக் குறைக்கலாம். டீலர் வைத்துக் கொடுத்த கணக்கில் முதல் நாளே சாப்பாட்டு மேஜை நகர்ந்தது. திரும்பும் வேகத்தைப் பாதியாக்கின பிறகுதான் வீட்டில் அமைதி.

அப்புறம் வாசல். எங்கள் தரைமட்டம் தெருவைவிட ஒன்றரை அடி உயரம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம், அதாவது 1:12 என்ற விதிப்படி அதற்கு 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அவ்வளவு இடம் யாரிடம் இருக்கிறது? மேஸ்திரி ஒன்பது அடியில் முடித்துவிட்டார். கைச் சேரை இரண்டு பேர் தள்ளி ஏற்றும்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இந்தச் சேர் தெருவிலிருந்து ஏறும்போது முன்னால் உள்ள சின்னச் சக்கரங்கள் சாய்தளத்தில், பின்சக்கரங்கள் இன்னும் தெருவில், நடுவில் இருக்கும் மோட்டார் சக்கரங்கள் மட்டும் அந்தரத்தில். ஜாய்ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் டயர் சர்ரென்று சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை. சஸ்பென்ஷன் சமாளிக்கும் என்று கேட்டலாக்கில் போட்டிருக்கிறது. சமாளிக்கும்தான், சாய்வு மெதுவாக ஆரம்பித்தால். மடிப்பாக்கத்தில் மழைநீர் வடிகால் மூடியும் தெருவும் சந்திக்கிற இடம் அப்படி இல்லை.

சேர் மட்டும் 170 கிலோ பக்கம். நின்றுவிட்டால் தூக்க முடியாது, தள்ளத்தான் முடியும். அதுவும் மோட்டார் பக்கத்தில் இருக்கும் இரண்டு லீவரை விடுவித்த பிறகு. அந்த லீவர் தரையோடு தரையாக இருக்கிறது, உட்கார்ந்திருப்பவனுக்கு எட்டாது. சாய்தளத்தில் நிற்கும்போது மட்டும் அதைத் தொடவே கூடாது. பிரேக்கும் சேர்ந்து விடுபட்டுவிடும், வண்டி தானாக உருளும். இதை அம்மாவுக்கு, தம்பிக்கு, எதிர் வீட்டு அயர்ன்காரருக்கு எல்லாம் காட்டி வைத்திருக்கிறேன்.

வேளச்சேரியில் அக்கா வீட்டு லிஃப்ட் ஆறு பேர் லிஃப்ட், 408 கிலோ. எடைக் கணக்கில் நானும் சேரும் தாராளமாகப் போகலாம். உள்ளே ஆழம் ஒரு மீட்டர்தான். கால் பலகை வெளியே நிற்க, கதவு வந்து வந்து இடித்துவிட்டுத் திரும்பிப் போனது. அக்கா கீழே இறங்கி வந்து பார்க்கிங்கில் காபி கொடுத்தாள்.

மெட்ரோ பரவாயில்லை. ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு, பெட்டியில் வீல்சேருக்கு இடம் உண்டு. ஏறும்போது நேர்க்கோட்டில் போகணும். கோணலாகப் போனால் சின்னச் சக்கரம் இடைவெளியில் திரும்பிக்கொள்ளும். ஆட்டோ கனவிலும் நடக்காது. தாழ்தளப் பேருந்து எங்கள் ரூட்டில் வரவில்லை.

பாத்ரூம் கதவைப் பற்றிச் சொல்லவே இல்லையே. சட்டத்தைக் கழித்தால் 25 அங்குலம். சேர் 25 அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூட.

மதுரை

சார், எனக்கு அடி இடுப்புக்கு மேலே, கை ரெண்டும் நல்லாவே இருக்கு. அதனால் என் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கை வலு இருந்தால் இவ்வளவு பெரிய சேர் எதற்கு என்று ஒரு தரம் யோசியுங்கள். ஐஐடி மெட்ராஸில் ஆரம்பித்த நியோமோஷன் கம்பெனியின் நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பு வைத்திருக்கிறேன். கைச் சேரின் முன்னால் மாட்டினால் மூன்று சக்கர வண்டி, 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும். கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறும் சேரில் உள்ளே போய்விடலாம். ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் அடங்கிப் போகணும், முதுகு வாங்கிவிடும். ரிப்பேர் என்றால் ஆள் இங்கேயே பேசுகிற பாஷையில் பேசுகிறார். எனக்கு அதுவே பெரிது.

கோயம்புத்தூர்

நான் அம்மா. பையனுக்குத் தசைச் சிதைவு, டுஷேன். ஒன்பதாவது படிக்கிறான். எங்களிடம் ‘அட்வான்ஸ்ட்’ என்று சொல்லி ஒரு மடக்குச் சேரை விற்றார்கள். மொபைலில் ரிமோட், யூஎஸ்பி, எல்இடி விளக்கு, எல்லாம் இருக்கிறது. டில்ட் இல்லை, பக்கவாட்டில் உடம்பைத் தாங்க ஒன்றும் இல்லை. இவன் சாய்ந்து சாய்ந்து ஒரு பக்கமாகவே உட்கார்ந்தான். இந்த நோயில் முதுகெலும்பு வளைவதுதான் எங்களுக்குப் பெரிய பயம். ஷோரூம் டைல்ஸில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிறார்களே, அதில் இது எதுவும் தெரியாது. மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது இருப்பது சாதாரணச் சேர்தான், ஆனால் சீட்டு அவன் அளவுக்குச் செய்தது, இரண்டு பக்கமும் பேட் உண்டு. ஜாய்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் மடக்கிவிடலாம். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் அது மடங்காவிட்டால் டெஸ்க்குக்குள் போக முடியாது. முதல் சேரில் நோட்டை மடியில் வைத்துத்தான் எழுதினான். வளர்கிற பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் சீட்டின் ஆழத்தையும் அகலத்தையும் கூட்ட முடியுமா என்று கேளுங்கள்.

அண்ணா, சீட்டை உயர்த்தி ஓட்டினீர்களா? அதைப் பற்றி எழுதவில்லையே.

ஸ்காபரோ, கனடா

இங்க நடைமுறை வேற, அதால சொல்லுறன். ஒன்ராறியோவில் ஏடிபி எண்டு உதவிச் சாதனங்களுக்கான ஒரு திட்டம். தகுதி இருந்தால் கதிரை விலையில் 75 சதவீதம் அரசு குடுக்கும். அதுக்கு முதல் தெரப்பிஸ்ட் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கதவையும் டேப் வைச்சு அளந்தா. என்ரை கணவருக்கு ரண்டு கதிரை கொண்டுவந்து ஓடவிட்டுப் பாத்திட்டுத்தான் எழுதிக் குடுத்தா. நடுச்சில்லு மோட்டர் வீட்டுக்குள்ள நல்லது, நிண்ட இடத்திலயே திரும்பும். ஸ்நோவில் முன்சில்லு புதைஞ்சு போகும். குளிருக்குப் பற்றரியும் கெதியில் இறங்கும்.

அவருக்கு முதலில் ஆசை ஐபொட் (iBOT) எண்ட பவர் கதிரையில். படியேறும், ரண்டு சில்லில் எழும்பி நிக்கும், நிண்டுகொண்டு ஓடுற ரண்டு சில்லு வண்டி செக்வேயைச் செய்த டீன் கேமனின்ரை கண்டுபிடிப்பு. அமெரிக்காவில் 2003-ல் அனுமதி கிடைச்சது, 2009-ல் விற்பனையை நிப்பாட்டிப் போட்டினம். பிறகு வேற கொம்பனி புது மொடல் கொண்டுவந்தது. வாங்கி வைச்சிருந்த ஆக்களின்ரை நிலையை யோசிச்சுப் பாருங்கோ. படியேறுறதெண்டாலும் கைபிடியைப் பிடிக்க வேணும், இல்லாட்டி பின்னால ஒராள் நிக்க வேணும். மடிப்பாக்கம் தம்பிக்கு விரல் பிடிக்காது எண்டபடியால் தனிய ஏற அது சரிவராது.

மடிப்பாக்கம்

தங்கச்சி, உயர்த்தினேன். மருந்துக் கடை கவுண்டரில் ஒரு அடி எழும்பி நின்றேன். கடைக்காரர் எப்போதும் பக்கத்தில் இருக்கும் தம்பியிடம்தான் ‘இவருக்கு என்ன வேணும்’ என்பார். அன்றைக்கு என்னிடமே கேட்டார். ஆனால் உயர்த்தினால் வேகம் தானாகக் குறைந்துவிடும், சரிவில் உயர்த்தவும் விடாது. கவிழாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரிதான்.

ஸ்காபரோ அக்கா சொன்ன ஐபொட் விஷயத்தைப் படித்துவிட்டு டீலரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ஜாய்ஸ்டிக் போனால் எத்தனை நாளில் மாற்றுவீர்கள்? வெளிநாட்டிலிருந்து வரணும், ஆறு வாரம் ஆகலாம் என்றார். அதுவரைக்கும் மாற்றுச் சேர்? அதற்கு ஏற்பாடு இல்லையாம். சேரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். டில்ட் உள்ள, 24 அங்குலத்துக்குள் அடங்குகிற பின்சக்கர மாடல் யாராவது பயன்படுத்துகிறீர்களா? திரும்ப இடம் அதிகம் கேட்கும் என்று தெரியும், ஹாலில் சோபாவைத் தூக்கிவிடலாம். தென்சென்னைப் பக்கம் இருந்தால் நேரில் வந்து பார்க்கிறேன். மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கமாக இருந்தால் நல்லது.