மேலத்தெரு நாடகக் குழு

குமார்: நம் அண்ணன் தம்பி தண்ணீர்ச் சண்டை நாடகத்தின் மூன்று காட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், படித்துப் பாருங்கள். ஒரு சிக்கல். வாத்தியார் சார் எழுதிய முதல் காட்சியில் அம்மா படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. சித்தப்பா எழுதிய மூன்றாம் காட்சியில் அதே அம்மா காபி கொண்டுவருகிறார்.

கணேசன் சித்தப்பா: வாத்தியார் அந்த அம்மாளைக் கொன்றுவிட்டார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வாத்தியார்: அம்மா இருந்தால் அண்ணனும் தம்பியும் மடைக்கு மண்வெட்டியோடு போவார்களா கணேசா?

செல்வி அத்தை: போவார்கள் அண்ணா. நான் பார்த்திருக்கிறேன். அம்மா இருக்கட்டும். இரண்டு பேருக்கும் காபி கொடுத்துவிட்டு யார் பக்கமும் பேசாமல் உள்ளே போகட்டும்.

வாத்தியார்: அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. மாலையை எடுத்துவிடு குமார்.

செல்வி அத்தை: இரண்டாம் காட்சி மாசி மாதத்தில் நடப்பதாக எழுதியது யார்? மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மாசியில் வாய்க்காலில் ஆடு மேயும். எந்தத் தண்ணீருக்குச் சண்டை?

தையற்கடை அக்கா: நான்தான் அத்தை. ஐப்பசி என்று மாற்றிவிடட்டுமா?

செல்வி அத்தை: ஐப்பசியில் அடைமழை. அப்போது சண்டையே தண்ணீரை வடிக்கத்தான். அது வேறு நாடகம். ஆவணி என்று போடு. சம்பா நாற்றங்காலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். கடைமடைக்காரன் முறை நள்ளிரவில்தான் வரும்.

தையற்கடை அக்கா: வடிகால் சண்டையை அடுத்த பொங்கலுக்கு வைத்துக்கொள்வோம்.

குமார்: காட்சிக்கு ஒருவர் என்று பிரித்ததுதான் வினை. தம்பி முதல் காட்சியில் குறள் சொல்கிறான், அடுத்ததில் அழுகிறான், மூன்றாவதில் வக்கீல் மாதிரி வாதாடுகிறான். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா அண்ணனுக்கு எழுதட்டும், அக்கா தம்பிக்கு. இங்கேயே, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர்.

கணேசன் சித்தப்பா: “என்னடா, இந்த நேரத்தில் மண்வெட்டியோடு?”

தையற்கடை அக்கா: “எலி வளை அடைக்க வந்தேன்.”

கணேசன் சித்தப்பா: “எலி என் மடையிலா வளை வைத்தது?”

தையற்கடை அக்கா: “யார் மடை என்று அதற்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கே தெரியவில்லை.”

செல்வி அத்தை: அடி சக்கை! இதுதான் பேச்சு.

குமார்: அப்படியே எடுத்து எழுதிக்கொண்டேன்.

வாத்தியார்: பொன்னி நதியைப் பற்றி நான் எழுதிய வசனம் எங்கே வரும்?

கணேசன் சித்தப்பா: வாத்தியாரே, நேற்று அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். இரண்டாம் வரியிலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டது. பதினான்கு வரி, மூச்சு விட ஓரிடம் இல்லை. ஆற்றங்கரையில் கோபமாக நிற்கிறவன் அவ்வளவு நேரம் ஆற்றைப் பாராட்டுவானா?

குமார்: யார் வெட்டுவது என்று இப்போதே முடிவு செய்துவிடுவோம். எழுதியவர்களுக்கு அவரவர் வரி பிள்ளை மாதிரி. ஒரு வரிகூட எழுதாதவர் அத்தைதான். கத்தரிக்கோல் அவரிடம் இருக்கட்டும்.

செல்வி அத்தை: அண்ணா, வருத்தப்படாதீர்கள். “ஆறு வந்துவிட்டது, எழுந்து வா” என்ற கடைசி வரி மட்டும் போதும். மற்றதை ஆண்டுவிழா மேடையில் பேசுங்கள்.

வாத்தியார்: அந்த வரியைத்தான் நான் அடிக்க நினைத்தேன்! சரி, நீ சொன்னால் சரி.

குமார்: தவில்காரர் வருவதாகச் சொல்கிறார். என்ன கொடுப்பது?

வாத்தியார்: தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடியவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம்.

செல்வி அத்தை: மூன்று தூணி ஒரு கலம். 360 நாளுக்குக் கணக்குச் சரிதான். ஆட்டம் வைகாசியில், நெல் ஆண்டு முழுவதுமா? கொடுத்துவைத்தவர்கள்.

கணேசன் சித்தப்பா: நமக்கு ஒத்திகைக்குச் சுண்டலாவது உண்டா?

குமார்: சுண்டல் உண்டு. தவில்காரருக்குத் தெருப்பணத்தில் கொடுத்துவிடலாம். இன்னொன்று, மேடையில் தொங்கவிட இரண்டே மைக். மடையை ஒரு மைக்குக்கு நேர் கீழே வைத்துவிடலாம். சண்டை முழுக்க அங்கேதான், நகர வேண்டாம். முதுகைக் காட்டிப் பேசினால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது.

தையற்கடை அக்கா: மண்வெட்டி?

கணேசன் சித்தப்பா: என்னிடம் இருக்கிறது. பிடி ஆடுகிறது. ஆப்பு அடித்துக் கொண்டுவருகிறேன். முன்வரிசையில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.